பேரலாய்ட் பி-72: இடிபாட்டுப் பொருள்களில் வேலை செய்கிறவருக்கு ஏற்ற பசைதானா?

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ காட்டுத்தீயோ, ஒன்று வந்து போன பிறகு கிடக்கும் பொருள்களை எடுத்து மிக்ஸட் மீடியா, அதாவது பலவகைப் பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கலைப் படைப்பு செய்ய ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தப் பசை வாங்குவது என்றுதான். பல வருடங்களாக ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: பேரலாய்ட் பி-72. இதைவிட இறுக்கமாகப் பிடிக்கும் பசைகள் எத்தனையோ இருக்கின்றன, சுலபமாகக் கிடைப்பவையும் இருக்கின்றன. ஆனால் இதில் ஒட்டியதைப் பத்து வருடம் கழித்தும் பொருளுக்குச் சேதமில்லாமல் பிரித்துவிடலாம். நம் வேலைக்கு அதுதான் முக்கியம். நாம் கையில் எடுக்கும் உடைந்த சட்டத்துக்கும் வளைந்த கரண்டிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு, அவரைக் கண்டுபிடிக்க முடியாததால் அது நம்மிடம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு அவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க முடிகிற மாதிரி வைத்திருப்பது நம் கடமை என்று உறுதியாக நம்புகிறேன். இந்த விமர்சனத்தை அந்த இடத்தில் நின்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. பி-72 ஒரு அக்ரிலிக் ரெசின், அதாவது செயற்கைப் பிசின். எத்தில் மெத்தாக்ரிலேட், மெத்தில் அக்ரிலேட் இரண்டும் சேர்ந்த பாலிமர். ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் தயாரித்தது, 2009-ல் அந்த நிறுவனத்தை டௌ வாங்கிவிட்டது. பழைய அமெரிக்கக் கட்டுரைகளில் அக்ரிலாய்ட் பி-72 என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், இதே சரக்குதான். சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் மாதிரி வரும். அசிட்டோன் என்ற கரைப்பானில் கரைத்தால் நிறமில்லாத திரவம், காய்ந்தால் நிறமில்லாத படலம். வெளிச்சத்தில் வருடக்கணக்காக இருந்தாலும் மஞ்சளாவதில்லை, மறுபடி அசிட்டோன் பட்டால் கரைகிறது. இந்த இரண்டு குணத்துக்காகத்தான் உலகம் முழுக்க அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். உடைந்த மண்பாண்டத்தை ஒட்டுவார்கள், பொடிந்துபோகும் எலும்பையும் மரத்தையும் கெட்டிப்படுத்துவார்கள், ஒரு பொருளுக்குப் பதிவு எண் எழுத வேண்டுமென்றால் இதைக் கீழே ஒரு பூச்சு பூசி, அதன்மேல் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பூச்சு பூசுவார்கள். எண்ணை மாற்ற வேண்டுமென்றால் துடைத்துவிடலாம், பொருளில் மை படாது.

பிரிக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும். வெள்ளத்தில் அடித்து வந்த சாவிகளை, காய்ந்த சேறும் சுண்ணாம்புக் காரையும் கலந்த ஒரு பெரிய பலகையில் பதித்து வைத்திருந்தேன். பார்க்க வந்த ஒருவர் வெகுநேரம் அதன் முன்னாலேயே நின்றுவிட்டு, ஒரு சாவியைக் காட்டி, "அது எங்க வீட்டுச் சாவிங்க. எல்லாச் சாவியும் ஒரே மாதிரி இருக்குன்னு அம்மா நெயில் பாலிஷ் வச்சு அடையாளம் பண்ணது" என்றார். சாவியின் தலையில், துளைக்குப் பக்கத்தில், மிளகு அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு. வீடும் இல்லை, பூட்டும் இல்லை. கேட்கத் தயங்கினார். நானே எடுத்துத் தருகிறேன் என்றேன்.

சிக்கல் என்னவென்றால் அசிட்டோன் நெயில் பாலிஷையும் கரைத்துவிடும். அதனால் சாவியை முழுக்க நனைக்கவில்லை. பஞ்சைக் கம்பியளவுக்கு மெல்லிசாகத் திரித்து அசிட்டோனில் தொட்டு, சிவப்புப் பொட்டுக்கு எதிர்ப்பக்கமாக, சாவிக்கும் காரைக்கும் நடுவில் இருந்த பசைக் கோட்டில் மட்டும் படும்படி வைத்தேன். ஆவியாகிப் போகாமல் இருக்க மேலே ஒரு சின்ன பாலித்தீன் துண்டு. கொஞ்ச நேரம் விட்டு, காய்ந்த பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி ஈரப் பஞ்சு. பசை முதலில் ரப்பர் மாதிரி இளகும், அப்புறம் ஜெல்லி மாதிரி ஆகும், அந்தக் கட்டத்தில் மூங்கில் குச்சியால் லேசாக நெம்பினால் போதும். சாவி கழன்று வந்தது. பல்லில் ஒட்டியிருந்த மிச்சத்தையும் துடைத்து எடுத்தேன், பொட்டு அப்படியே இருந்தது. பலகையில் சாவி இருந்த பள்ளத்தை நான் நிரப்பவில்லை. அந்தப் படைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இப்போது அதுதான்.

இரண்டு திரவங்களைக் கலந்து இறுக வைக்கும் எப்பாக்சி பசையில் ஒட்டியிருந்தால் இது நடந்திருக்காது. எப்பாக்சி ஒருமுறை இறுகிவிட்டால் திரும்பக் கரையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும், போதாததற்குப் பெரும்பாலான எப்பாக்சிகள் வெளிச்சத்தில் மஞ்சளாகிவிடும். பொருளை எப்பாக்சிக்குள் முழுக்க மூழ்கடித்துக் கட்டியாக்கி வைக்கும் பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. பளபளவென்று அழகாகத் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரோ ஒருவருடைய வீட்டுப் பொருளை இனி யாருமே தொட முடியாதபடி செய்கிறோம் என்ற எண்ணம் வந்த பிறகு அதை என்னால் செய்ய முடியவில்லை. தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறி இளகினாலும் மரத்தின் துளைகளுக்குள் போனது போனதுதான். சூப்பர் க்ளூ சட்டென்று பிடிக்கும், ஒரு அதிர்ச்சி பட்டால் சட்டென்று விட்டும் விடும். குளூ கன் பற்றிப் பேச ஒன்றுமில்லை, தற்காலிகமாக நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்கு மட்டும்.

இந்தத் துறையில் பெரிய படைப்புகள் சிலவற்றைப் பார்த்தால் பசையே இல்லாமல் செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் கலைஞர் கார்னீலியா பார்க்கர் 1997-ல், டெக்சாஸில் மின்னல் தாக்கி எரிந்துபோன ஒரு தேவாலயத்தின் கரிந்த மரத்துண்டுகளைக் கம்பிகளில் தொங்கவிட்டு ஒரு கனசதுரமாக நிறுத்தினார். கம்பியை அவிழ்த்தால் துண்டு துண்டுதான். சீனக் கலைஞர் ஐ வேவே 2008 சிச்சுவான் நிலநடுக்கத்தில் இடிந்த பள்ளிகளின் இரும்புக் கம்பிகளைச் சேகரித்து, வளைந்து நெளிந்து கிடந்தவற்றைக் கையால் அடித்து நேராக்கி, தரையில் அலையலையாக அடுக்கினார். ஏறக்குறைய 150 டன் கம்பி, 2012 வரை அந்த வேலை நடந்தது. அதிலும் எதுவும் எதோடும் ஒட்டப்படவில்லை, அடுக்கியதோடு சரி. இதற்கு நேர் எதிர் இத்தாலியக் கலைஞர் ஆல்பெர்த்தோ புர்ரி சிசிலித் தீவில் செய்தது. 1968 நிலநடுக்கத்தில் அழிந்த ஜிபெல்லினா ஊரின் இடிபாடுகளை அங்கேயே திரட்டி, தெருக்கள் இருந்த வழிகளை நடைபாதையாக விட்டு, மற்ற இடத்தை வெள்ளைச் சிமெண்டால் மூடினார். 1984-ல் தொடங்கி 1989-ல் நின்றுபோன வேலையை 2015-ல்தான் முடித்தார்கள். ஒரு ஊருக்கு இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் இருக்க முடியாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் அந்தச் சிமெண்டுக்குள் இருக்கும் பொருள்களை யாரும் திரும்பக் கேட்க முடியாது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு ஊர் முழுவதற்கும் செய்தது அது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் அளவில் வேலை செய்கிற நமக்கு அந்த உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, பசைக்கு வருவோம். பி-72 வாங்கிவிட்டால் மட்டும் போதாது, பொருள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஈரமான மரத்தில் இதைப் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும், பிடிக்கவும் பிடிக்காது. வெள்ளத்தில் ஊறிய மரத்தை வெயிலில் போட்டால் பிளந்துவிடும், நிழலில் மெதுவாகக் காய வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். கடல்நீரில் கிடந்த பொருள் என்றால் உப்பை எடுக்காமல் எதையும் பூசவே கூடாது. உள்ளே இருக்கும் உப்பு, காற்றில் ஈரம் கூடிக் குறையும்போதெல்லாம் கரைந்து, மறுபடி படிகமாகி, மேலே இருக்கும் படலத்தைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொருள் ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள், பால் மாதிரி கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது. இரும்பானால் தளர்ந்த துருவை எடுத்துவிட்டு டேனிக் அமிலக் கரைசல் பூசலாம், மிச்சத் துரு நீலக் கறுப்பாக மாறி நிலைக்கும். அதன்மேல் பி-72, அதற்கும் மேல் மெழுகு. பி-72 மட்டும் இரும்பை ஈரத்திலிருந்து முழுசாகக் காப்பாற்றாது.

துணி வேறு கதை. 2018 கேரள வெள்ளத்தில் சேந்தமங்கலம் நெசவாளர்களின் சேலைகள் சேற்றில் நாசமானபோது, அவற்றைக் கொதிக்க வைத்து, குளோரின் போட்டுக் கிருமி நீக்கி, சின்னச் சின்னச் சேக்குட்டி பொம்மைகளாகச் செய்து விற்றார்கள். கறை போகவில்லை, போக வேண்டியதும் இல்லை. பி-72-ஐத் துணியில் பூசினால் அது விறைத்துத் தகடாகிவிடும், அதனால் துணிக்கு ஊசி நூல்தான்.

கரைக்கும் முறை. மணிகளை நேராகப் பாட்டிலில் கொட்டினால் அடியில் கட்டிப்பிடித்துக்கொள்ளும், அப்புறம் குலுக்கிக் குலுக்கிக் கை ஓய்ந்துவிடும். மெல்லிய வலைத்துணியில் முடிந்து, கண்ணாடி ஜாடியில் அசிட்டோனுக்குள் தொங்கவிட்டு மூடி வைத்துவிட்டால் இரவோடு இரவாகத் தானே கரைந்து கீழே இறங்கும். பொடிந்துபோகும் பொருளைக் கெட்டிப்படுத்த 3 முதல் 5 சதவீதக் கரைசல், கொஞ்சம் அழுத்தமாக வேண்டுமென்றால் 10. ஒட்டுவதற்கு நன்றாகக் கெட்டியாக, பாதிக்குப் பாதி வரைகூடப் போகலாம். கெட்டியான பசை நூல் நூலாக இழுக்கும், ஃப்யூம்ட் சிலிக்கா என்ற மிக நுண்ணிய சிலிக்காத் தூள் கொஞ்சம் சேர்த்தால் அந்தத் தொல்லை குறையும். இடைவெளியை அடைக்க வேண்டிய இடத்தில் நுண்ணிய கண்ணாடிக் குமிழ்த் தூளைக் கலந்து மாவு மாதிரி பிசைந்து வைக்கலாம், காய்ந்த பிறகு இழைக்க முடியும்.

அசிட்டோன் வேகமாகப் பறந்துவிடும் என்பதால் இரண்டு பிரச்சினை வரும். ஒன்று, உள்ளே போன ரெசினைப் போகிற போக்கில் மேலே இழுத்து வந்துவிடும். மேல்தோல் மட்டும் கெட்டியாகி உள்ளே பொடியாகவே இருக்கும். பூசியதும் பொருளைப் பாலித்தீன் பையில் தளர்வாகப் போட்டு மெதுவாகக் காயவிட்டால் இது குறையும். இன்னொன்று, காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் படலம் வெண்மையாகப் பூக்கும். மழை நாளில் நான் பூசுவதில்லை. அசிட்டோனுக்குப் பதில் எத்தனாலில் கரைத்தால் மெதுவாகக் காயும், கரைசல் கலங்கலாகத் தெரியும், ஆனால் காய்ந்தால் தெளிவாகத்தான் இருக்கும்.

இனி குறைகள். எனக்குப் பெரிய மனத்தாங்கல் இதன் பளபளப்பு. காய்ந்த சேற்றுக்கென்று ஒரு நிறம் இருக்கிறது, சாம்பலும் பழுப்பும் கலந்த, வெளிச்சத்தைத் திருப்பித் தராத நிறம். வெள்ளம் வந்து போன வீட்டுச் சுவரில் இருக்கும் நிறம். அதன்மேல் பி-72 பட்டவுடன் ஒரு படி கறுத்துவிடுகிறது, ஈரமாக இருக்கும்போது எப்படி இருந்ததோ அப்படி. காட்டுத்தீச் சாம்பலும் கரியும் இன்னும் மோசம், மேலே வார்னிஷ் அடித்த மாதிரி மின்னும். 3 சதவீதத்துக்குக் கீழே போய், பூசிய பிறகு வெறும் அசிட்டோன் தொட்ட பஞ்சால் மேல்படலத்தை ஒற்றி எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம், ஓரளவுதான். மேற்பரப்பின் மங்கல் தன்மையே உங்கள் படைப்பின் உயிர் என்றால் ஜப்பானியர்கள் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஃபுனோரி என்ற பசை, அல்லது மெத்தில் செல்லுலோஸ் பக்கம் போங்கள், பி-72 வேண்டாம்.

அடுத்தது சூடு. இந்த ரெசின் 40 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும். கறுப்பு நிறப் பொருள் மேல் நேரடி வெயில் விழுந்தாலோ, மூடிய வண்டிக்குள் படைப்பை வைத்துக் கொண்டுபோனாலோ அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். பாரம் தாங்கும் இணைப்பானால் மெல்ல மெல்ல வழுக்கி இறங்கும், மேலே தூசியும் ஒட்டிக்கொள்ளும். இதற்கென்று பி-48என் என்ற உறவுக்கார ரெசின் இருக்கிறது, அது 50 டிகிரி வரை தாங்கும். பி-44 60 வரை தாங்கும், ஆனால் நொறுங்கும் தன்மை அதிகம். வெப்பமான இடங்களில் வேலை செய்யும் பாதுகாப்பாளர்கள் பி-72-ஓடு பி-48என் கலந்து பயன்படுத்துகிறார்கள், அந்தக் கலவை எனக்கும் திருப்தியாக இருக்கிறது. எப்படியிருந்தாலும் கனமான கான்கிரீட் துண்டையோ உத்தரத்தையோ பசையை நம்பித் தொங்கவிடாதீர்கள். போல்ட், கம்பி, இரும்புத் தாங்கி என்று போங்கள், அவையும் கழற்றக்கூடியவைதானே.

மூன்றாவது குறை பி-72-ன் குறை என்பதைவிட அசிட்டோனுடையது. இன்றைய இடிபாட்டில் பாதி பிளாஸ்டிக். தெர்மாகோல் தொட்டவுடன் உருகிவிடும், பொம்மைகளும் மின்சாதன உறைகளும் பிசுபிசுத்துவிடும், பால்பாயிண்ட் பேனா எழுத்து ஓடிவிடும். கண்ணில் படாத ஒரு மூலையில் தொட்டுப் பார்க்காமல் எதிலும் இறங்க வேண்டாம். புகைப்படம் கிடைத்தால் அதை உங்கள் கச்சாப்பொருளாக நினைக்கவே நினைக்காதீர்கள். 2011 ஜப்பான் சுனாமிக்குப் பிறகு தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் படங்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் காயவைத்துச் சொந்தக்காரர்களிடம் சேர்க்க முயன்றார்கள், ஃப்யூஜிஃபில்ம் நிறுவனமே அதற்கென ஒரு மீட்புத் திட்டம் நடத்தியது. நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களை உடனே பிரிக்க முடியாவிட்டால், பையில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். அப்புறம் நிதானமாக உரியவரைத் தேடலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், தூரத்தில் இருக்கும் அடுப்பிலிருந்துகூடப் பற்றிக்கொள்ளும். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு, ஹீட்டர் எதுவும் கூடாது, கரைப்பான் ஆவிக்கென்று உள்ள முகக்கவசம் போட வேண்டும். துணி முகக்கவசம் எதற்கும் உதவாது. பசைக்கு முன்னால் இடிபாடே ஆபத்து: பழைய சிமெண்ட் தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பச்சை சாயலோடு இருக்கும் பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் இருக்கலாம், வெள்ளச் சேற்றில் சாக்கடை கலந்திருக்கும். கல்நார் என்று சந்தேகம் வந்தால் உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், எடுத்தும் வராதீர்கள். எந்தப் படைப்பும் நுரையீரலை விடப் பெரிதில்லை.

வாங்குகிறவர்கள் மணியாகவே வாங்குங்கள். எச்.எம்.ஜி. நிறுவனம் கரைத்துத் தயாராக ட்யூபில் தருகிறது, களத்தில் வேலை செய்யும்போதும் சின்ன ஒட்டுகளுக்கும் ரொம்ப வசதி, என் பையில் எப்போதும் ஒன்று கிடக்கும். ஆனால் கெட்டிப்படுத்தும் வேலைக்கு நீங்களே சதவீதம் பார்த்துக் கரைப்பதுதான் சரி. பிரித்துக் கட்டி விற்கும் சரக்கில் கவனம் தேவை. ஒரு விற்பனையாளரிடமிருந்து எனக்கு வந்த பொட்டலத்தில் மணிகள் மங்கலாக, மஞ்சள் சாயலோடு இருந்தன, கரைத்தால் அடியில் கசடு நின்றது, கேட்டதற்கு இதுதான் அசல் என்று சாதித்தார். அசல் சரக்கு அசிட்டோனில் தண்ணீர் மாதிரி தெளிவாகக் கரையும். கொஞ்சமாக வாங்கிச் சோதித்துவிட்டு அப்புறம் நிறைய வாங்குங்கள். மணிகள் வருடக்கணக்கில் கெடுவதில்லை, கரைத்து வைத்ததுதான் மூடி சரியில்லையென்றால் கெட்டியாகிவிடும், அப்போதும் தூக்கிப் போட வேண்டாம், அசிட்டோன் ஊற்றினால் மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடும். ஒட்டி முடித்த ஒவ்வொரு படைப்பின் பின்புறத்திலும் எந்த ரெசின், எத்தனை சதவீதம், எதில் கரைத்தது, எந்தெந்த இணைப்பில் போட்டது என்று எழுதி வையுங்கள். பிரிக்க வேண்டிய நாளில் நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் வேறு யாராவது அதைப் பார்த்துச் செய்துகொள்வார்கள்.